காவடி எடுத்த கால், காம்ரேட்ஸ் ஓடிய கால்: பாதக் காயங்களுக்கு பிசியோதெரபி, படிப்படியாக

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் கிளினிக்குக்கு இரண்டு சீசன் உண்டு. தைப்பூசம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம் வெறுங்காலோடு தாரில் நடந்தவர்கள் வருவார்கள். கொப்புளம், குதிகால் வலி, சுளுக்கு என்று எல்லாம் இருக்கும். ஜூன் பக்கம் காம்ரேட்ஸ் மாரத்தான் முடிந்ததும் டக்கீஸ் (இங்கே ஓட்ட ஷூவுக்குப் பெயர்) போட்ட கால்கள் வரும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறத்தாழ 87 முதல் 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 1921-ல் 34 பேரோடு தொடங்கிய ஓட்டம். மீதி மாதங்களில் வருவது சாதாரணக் கால்கள். படியில் தவறியது, நடைபாதை விளிம்பில் மடங்கியது, சர்க்கரையால் மரத்துப்போனது.

இங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் கணுக்காலைத் தொட்டு அழுத்தினால் வெளியே வருவது 'ஐயோ அம்மா'தான். அந்த வாய்க்குத் தமிழிலேயே விளக்கம் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்து எழுதியது இது.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்?" கேள்வியே தப்பு. பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு. அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் ஜவ்வும் தசைநாணும் பாரம் விழுந்தால்தான் இறுகும். பாரமே இல்லாமல் வைத்தால் தளர்ந்துபோகும், ஒரேயடியாக ஏற்றினால் திரும்பக் கிழியும். ஆகவே எவ்வளவு பாரம், எந்த வாரம் என்பதுதான் சிகிச்சை. மெஷின், டேப், களிம்பு எல்லாம் அதற்குத் துணை.

முதல் படி: எக்ஸ்ரே வேண்டுமா, வேண்டாமா

கால் மடங்கி வீங்கிவிட்டது. உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டுமா? இதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் ஒரு விதியை வகுத்தார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் நீங்களே பார்க்கலாம்.

அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நாலடி வைக்க முடிகிறதா? இரண்டு நேரத்திலும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. முடிகிறது என்றால் நாலு இடத்தில் எலும்பின் மேலேயே விரலால் அழுத்திப் பாருங்கள். கணுக்காலின் வெளிக் குமிழில் பின்விளிம்பும் நுனியும், அங்கிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை. உள் குமிழிலும் அதே மாதிரி. மூன்றாவது, பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு. நாலாவது, உள்பக்கம் வளைவின் உச்சியில் முட்டி நிற்கும் எலும்பு. இதில் எங்காவது எலும்பைத் தொட்டால் சுரீரென்றால் படம் எடுத்தாக வேண்டும். குமிழுக்கு முன்னால் மெத்தென்ற சதையில் மட்டும் வலி என்றால் அநேகமாக ஜவ்வுதான்.

சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலுக்கு இந்த விதி செல்லாது. எலும்பு உடைந்திருந்தாலும் அந்தக் கால் நடக்கும்.

இன்னும் சில அறிகுறிகள் இருந்தால் என்னிடம்கூட வர வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் முன்பாதத்தில் எம்பி நிற்க முடியவில்லை: கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும்; அசையாவிட்டால் சந்தேகம் பலம். உள்ளங்கால் நடுவில் நீலம் பாரித்திருந்தால் நடுப்பாத மூட்டு பிளந்திருக்க வாய்ப்பு உண்டு, அதைச் சுளுக்கு என்று விட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நிறைய. ஒரு கெண்டைக்கால் மட்டும் சூடாகி வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். அதன் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

இரண்டாம் படி: முதல் மூன்று நாள்

நம் வீடுகளில் சுளுக்கு என்றதும் எண்ணெய் விட்டு வழிக்கிற ஆயா ஒருத்தியைத்தான் தேடுவார்கள். ஆயாவின் கை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மூன்றாம் நாளுக்கு அப்புறம். முதல் நாளே நீவினால் கிழிந்த ரத்தக்குழாய் இன்னும் கசியும். காலையில் எலுமிச்சை அளவு இருந்த வீக்கம் சாயங்காலம் மாம்பழ அளவில் நிற்கும். சூடு ஒத்தடமும் அப்படித்தான். சர்க்கரை இல்லாத, தோல் நன்றாயிருக்கும் காலுக்கு மஞ்சள் பற்று போடுவதில் பெரிய கெடுதல் இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஐஸ் வைக்கலாமா? 1978-ல் ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயரம் என்று நாலு சொல்லைப் பிரபலப்படுத்திய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பல வருஷம் கழித்து, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். வீக்கம் என்பதே உடம்பு அனுப்பும் பழுதுபார்க்கும் படை என்பது இன்றைய எண்ணம். நான் இப்படிச் சொல்வேன்: வலி தூக்கத்தைக் கெடுத்தால் துணியில் சுற்றி 10 நிமிஷம் வையுங்கள். வலி தாங்குகிறது என்றால் ஐஸ் இல்லாமலே சரியாகும். எலாஸ்டிக் பேண்டேஜை விரல் பக்கம் ஆரம்பித்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ அவிழ்த்துவிடுங்கள். படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். சோபாவில் முக்காலி மேல் வைப்பது உயரம் ஆகாது.

ஊன்றுகோல் ஒன்றுதான் கிடைத்தது என்றால் எந்தக் கையில் பிடிப்பது? வலிக்காத பக்கம். பத்தில் எட்டுப் பேர் வலிக்கிற பக்கம் பிடித்துக்கொண்டுதான் என் கதவைத் திறக்கிறார்கள். இது என் கண் கணக்கு.

மூன்றாம் படி: வலி மீட்டரும் மறுநாள் காலையும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனசில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வலிக்கு 0-லிருந்து 10 வரை மார்க் போடுங்கள். பயிற்சி செய்யும்போது 3 வரை வந்தால் தொடரலாம். 4, 5 வந்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். ஆனால் கடைசித் தீர்ப்பு சொல்வது அந்த நேரத்து வலி அல்ல, மறுநாள் காலை எழுந்து வைக்கிற முதல் பத்தடி. நேற்றைய காலையைப் போலவே இருக்கிறது அல்லது லேசாகியிருக்கிறது என்றால் நேற்று போட்ட பாரம் சரி. அதிகம் வலிக்கிறது, வீங்கியிருக்கிறது என்றால் நேற்று மிஞ்சிவிட்டது; இன்று பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். படுக்கைப் பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்டி, தினமும் காலை அந்த எண்ணை எழுதச் சொல்வேன். என்னிடம் வருகிறபோது ஸ்கேன் ரிப்போர்ட்டை விட அந்தக் காலண்டர்தான் எனக்கு அதிகம் பேசும்.

நாலாம் படி: கணுக்கால் சுளுக்கு

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக் குமிழுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழியும். ஜவ்வு ஒட்டிக்கொள்ள ஆறு வாரம் போல எடுக்கும். ஆனால் ஜவ்வுக்குள் இருந்த 'நான் எந்தக் கோணத்தில் நிற்கிறேன்' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் சேர்ந்தே பழுதாகின்றன. அதைச் சரிபண்ணாமல் விட்டவர்களுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அதே கால் மடங்கும். ஒரு தரம் சுளுக்கிய கால் திரும்பச் சுளுக்குவதற்கு முதல் காரணம் பழைய சுளுக்கேதான்.

எனக்கே நடந்தது. மழையில் நடைபாதை விளிம்பு தெரியாமல் கால் மடங்கியது. அப்போது பார்த்த மருத்துவர் ஆறு வாரம் கட்டு போட்டு அனுப்பினார், பயிற்சி என்ற சொல்லே எழவில்லை. கட்டுப் பிரித்த அன்று என் கெண்டைக்கால் என் தம்பியின் கெண்டைக்கால் மாதிரி இருந்தது. அவனுக்கு அப்போது பதினாலு வயசு. நான் படித்தவன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

செய்ய வேண்டியது இது. மூன்றாம் நாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். ஆங்கில எழுத்தை விடத் தமிழ் எழுத்தில் வளைவு அதிகம், கணுக்கால் எல்லாத் திசையிலும் சுற்றும். பன்னிரண்டு உயிரெழுத்து ஒரு சுற்று, நாளைக்கு நாலு சுற்று. கூடவே நடை: நொண்டாமல் வைக்கிற குட்டி அடி, நொண்டிக்கொண்டு வைக்கிற பெரிய அடியை விட நல்லது.

முதல் வாரம் முடிந்ததும் சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். நல்ல கால் எவ்வளவு தூரத்திலிருந்து தொடுகிறதோ அடிபட்ட காலும் அங்கிருந்து தொட வேண்டும். அதுதான் இலக்கு. அதோடு ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுங்கள், பதினைந்து தரம், மூன்று சுற்று. வெளிப்பக்கத் தசைதான் அடுத்த முறை கால் மடங்காமல் இழுத்துப் பிடிக்கப்போவது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பல் தேய்க்கும்போது செய்யுங்கள், தனியாக நேரம் தேட வேண்டாம். முதலில் தரையில் கண் திறந்து 30 விநாடி. அது சுலபமானதும் மடித்த துண்டின் மேல். அப்புறம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி. கண்ணை மூடினதும் கணுக்கால் தந்தி அடிக்கும். அந்தத் துடிப்புதான் நரம்பு திரும்பக் கற்றுக்கொள்வது. விழுந்து இன்னொரு காலையும் உடைத்துக்கொள்ளாமல் கைக்கெட்டும் தூரத்தில் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வாரம் போல ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, அதற்கப்புறம் இரண்டு காலில் குதிப்பது, ஒற்றைக்காலில் குதிப்பது, கடைசியில் பக்கவாட்டில் தாவுவது. பக்கத் தாவல் வலியில்லாமல் வந்த பிறகுதான் கால்பந்து. வாரக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல, காலண்டர் எண் சொல்கிறபடி முன்னே பின்னே போகலாம். விளையாட்டுக்குத் திரும்புகிறவர் சில மாசம் பிரேஸோ டேப்போ போட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் வேண்டாம்.

ஐந்தாம் படி: குதிகால் வாதம்

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதலடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி, பத்தடி நடந்ததும் குறைகிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது. இந்தக் கதையைக் கேட்டதுமே பாதித் தீர்ப்பு எழுதிவிடலாம். குதிகால் எலும்பிலிருந்து விரல் வரை ஓடும் தடித்த பட்டை, எலும்பில் பிடித்திருக்கும் இடத்தில் நைந்துபோவது இது. எக்ஸ்ரேயில் குதிமுள் தெரிந்தால் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. முள்ளை வெட்ட வேண்டும் என்று யாராவது முதல் வாரமே சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

யாருக்கு வரும்? நாள் முழுக்க சிமென்ட் தரையில் நிற்கிறவர்களுக்கு, திடீரென்று உடம்பு போட்டவர்களுக்கு, திடீரென்று நடக்க ஆரம்பித்தவர்களுக்கு. விரதத்துக்காகப் பத்து நாள் வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடு இருந்துவிட்டு, பதினோராம் நாள் கூட்டத்தோடு தாரில் நடப்பவர்களுக்கும் வரும். பக்தியைக் குறை சொல்லவில்லை. வருஷம் முழுக்க ஸ்பாஞ்ச் செருப்பில் இருந்த குதிகாலுக்கு அது ஒரு அதிர்ச்சி.

போன வருஷம் ஒரு அக்கா வந்தார். எருக்கிலையைச் சுட்ட செங்கல் மேல் வைத்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார், அம்மா சொல்லிக் கொடுத்தது. சூட்டில் வலி ஒரு மணி நேரம் மறக்கும். பட்டை அப்படியேதான் இருக்கும். குதிகாலில் பழுப்பு வட்டமாகத் தோல் வெந்திருந்தது. முதல் இரண்டு வாரம் அந்தத் தோலுக்கே போய்விட்டது.

இரண்டு பயிற்சி போதும். முதலாவது, படுக்கையை விட்டு இறங்கும் முன். வலிக்கும் காலை மற்ற தொடை மேல் போட்டு, விரல்கள் ஐந்தையும் கையால் முட்டியை நோக்கி இழுங்கள். மற்ற கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டால் வீணைத் தந்தி மாதிரி ஒரு நாண் விறைத்து நிற்கும். அதுதான் பட்டை. பத்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. எழுந்து நடந்த பிறகு செய்தால் பாதிப் பயன்தான், முதலடிக்கு முன் செய்வதில்தான் விஷயம்.

இரண்டாவது, பலம் ஏற்றுவது. இது டென்மார்க்கில் சோதித்துப் பார்த்த முறை. ஒரு துண்டைச் சுருட்டி படிக்கட்டு விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின் மேல் மேல்நோக்கி வளைந்திருக்க, முன்பாதத்தில் நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணி ஏறுங்கள், இரண்டு எண்ணி மேலேயே நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். பன்னிரண்டுக்கு மேல் முடியாது என்கிற பாரத்தில் மூன்று சுற்று, ஒன்று விட்டு ஒரு நாள். இரண்டு வாரம் கழித்து முதுகுப் பையில் புத்தகமோ அரிசியோ போட்டுப் பாரம் ஏற்றி, பத்து வீதம் நாலு சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து எட்டு வீதம் ஐந்து சுற்று. தினமும் செய்யாதீர்கள், நடுவில் விடும் நாளில்தான் பட்டை கட்டிக்கொள்கிறது.

மூன்று மாசம் ஆகும். இதைச் சொன்னதும் முகம் விழுந்துவிடும், தெரியும். ஒரு ஊசி போட்டால் ஒரே வாரத்தில் போகுமாமே என்பார்கள். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் குறைக்கும், ஆனால் பலருக்கு வலி திரும்பி வருகிறது, அரிதாகப் பட்டையே அறுந்துவிடுவதும் உண்டு. அதிர்வலை கொடுக்கும் ஷாக்வேவ் மெஷின் பல மாசமாகத் தீராத வலிக்கு உதவலாம், பயிற்சியோடு சேர்த்து. தரையில் கால் வைக்கிற நேரமெல்லாம் குதிகால் கொஞ்சம் உயர்ந்த, வளைவைத் தாங்கும் செருப்பு போடுங்கள், வீட்டுக்குள்ளும். சாமி அறைக்கு வெளியே அதைக் கழற்றி வைத்தால் போதும், சமையலறை சிமென்டில் மூன்று மணி நேரம் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி எந்த சாமியும் கேட்கவில்லை.

குதிகாலின் நட்டநடுவில், நடக்க நடக்க வலி கூடிக்கொண்டே போனால் அது வேறு, எலும்பின் கொழுப்பு மெத்தை நைந்தது. அதற்கு மேலே சொன்ன நீட்டலால் பெரிதாகப் பயனில்லை. மெத்தென்ற குதி உள்ள ஷூவும் டேப்பும்தான். இரவிலும் எரிச்சல், மரத்தல் இருந்தால் நரம்பு, அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆறாம் படி: குதிநாண், காம்ரேட்ஸ்காரர்களின் சொத்து

ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு பாரம் இந்த ஒரு நாண் மேல் விழுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை நோக்கி ஏறுகிற வருஷம் மேட்டில் நாண் இழுபடும், டர்பனை நோக்கி இறங்குகிற வருஷம் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் தொடையும் கெண்டைக்காலும் அடி வாங்கும். பயிற்சியில் கிலோமீட்டரைத் திடீரென்று கூட்டினவருக்கு ஏப்ரல், மே மாசமே காலையில் நாண் விறைத்து, தடித்து, தொட்டால் வலிக்கும்.

1998-ல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் கொண்டுவந்த இறக்கப் பயிற்சிதான் இன்றும் அடிப்படை. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நல்ல காலால் ஏறுங்கள், வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக வைத்துப் பதினைந்து வீதம் மூன்று சுற்று, கொஞ்சம் மடக்கி அதே மாதிரி, காலையும் மாலையும், 12 வாரம். நாளைக்கு 180 தரம் ஆகிறது. பலருக்கு அலுத்துவிடும், ஒன்று விட்டு ஒரு நாள் கனத்த பாரத்தோடு மெதுவாகச் செய்வதும் அதே பலன் தருகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எது விடாமல் செய்வீர்களோ அதை எடுங்கள். வலி நாண் எலும்பில் சேரும் இடத்திலேயே என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், தரை மட்டம் வரை போதும்.

ஒரு எச்சரிக்கை: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் அதற்கப்புறம் சில மாசம் வரையும் நாண் அறுந்துவிட வாய்ப்பு கூடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு அந்த மாத்திரை எழுதினால், ஓடுகிறவர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்பாதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம், மூன்றாம் விரலுக்குப் பின்னால் பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பி ஓடினவர்கள் முழுசாக உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாரம் ஏற்று என்று நான் சொல்லாத காயம் இது. எலும்பு கூடும் வரை ஓட்டம் கிடையாது. சைக்கிள், நீச்சல் பரவாயில்லை. மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரிகள், சாப்பாட்டைக் குறைத்தவர்கள் எலும்பின் பலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம், நாலாம் விரலுக்கு நடுவே கூழாங்கல் கிடப்பது போல எரிச்சல் என்றால் நரம்பு நெருக்கப்படுகிறது. முதல் மருந்து அகலமான ஷூ. கல்யாணத்துக்கு வாங்கிய கூர்மூக்கு ஹீல்ஸைக் கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சர்க்கரைக் கால், தீமிதித்த கால்

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை அதிகம், எந்தக் குடும்பத்தில் இல்லை? ஆகவே காவடிக்கோ, ஈஸ்டரை ஒட்டி மாரியம்மன் கோயில்களில் நடக்கும் தீமிதிக்கோ போகும் முன் ஒரு நிமிஷச் சோதனை. கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை இரண்டு காலிலும், மொத்தம் ஆறு இடம், ஆள்காட்டி விரலால் இறகு பட்டது போல் ஓரிரு விநாடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலின் காவல் போய்விட்டது. அந்தக் கால் வெறுங்காலாகத் தாரில் நடக்கக் கூடாது, தீயில் இறங்கவே கூடாது. வேண்டுதலை வேறு விதமாகச் செலுத்துங்கள். பால்குடம் தலையில் இருக்கும்போது காலில் மெல்லிய கேன்வாஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கோயிலில் கேளுங்கள். நான் பார்த்த குருக்கள் யாரும் மறுத்ததில்லை.

ஒரு தாத்தா. பெருவிரலுக்குக் கீழே ஐந்து ராண்ட் நாணயம் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து கிடந்தது. தார்ச் சூடு. அவருக்குத் தெரியவே இல்லை. பேத்தி வெள்ளை டைலில் ஈரக் காலடி பார்த்திருக்கிறாள், ஒரு காலடி மட்டும் சிவப்பு.

அடிபடாமலே ஒரு பாதம் சிவந்து, சூடாக, வீங்கி இருந்தால், மற்றக் காலை விடத் தொட்டாலே சூடு தெரிந்தால், சர்க்கரைக்காரருக்கு அது அவசரம். எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் நோயாக இருக்கலாம். வலிக்கவில்லையே என்று நடக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. பிசியோ பயிற்சிக்கு அங்கே இடமில்லை.

தீயில் சுட்டால் ஓடும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். பல் பசை, மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குழி முடிவில் இருக்கும் பாலில் காலை வைப்பது வழக்கம், அதைச் செய்துவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பிசியோவிடம் போவது

தென்னாப்பிரிக்காவில் தனியார் பிசியோவைப் பார்க்க டாக்டர் கடிதம் தேவையில்லை. உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கேட்டால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பிசியோ பதிவெண் 'பிடி' என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும். சாட்ஸ்வர்த்தின் ஆர்.கே. கான் மாதிரி அரசு மருத்துவமனைகளுக்கு, முதலில் பகுதி கிளினிக்கில் பார்த்து அவர்கள் அனுப்பிப் போவது வழி.

போகும்போது தினமும் போடுகிற பழைய டக்கீஸைக் கொண்டுபோங்கள், புதுசை அல்ல. அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது நீங்கள் மறந்த கதையைச் சொல்லும். முழங்காலுக்கு மேல் ஏற்றக்கூடிய பேன்ட் போடுங்கள். முதல் சந்திப்பில் நடக்க, எம்ப, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்க்காமல், நேரே படுக்க வைத்து மெஷினை மாட்டிவிட்டு அவர் வெளியே போய்விட்டால், அடுத்த முறை வேறு ஆள் பாருங்கள். சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை குணமாவதை விரைவுபடுத்துவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்: எந்தப் பயிற்சி, எத்தனை, எப்போது கூட்டுவது. அது இல்லாத அரை மணி நேரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்த காவடிக்குக் காலைத் தயார் செய்வது

இதை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். சர்க்கரையில்லாத, தொடு சோதனையில் தேறின காலுக்கு மட்டும் இது. தைப்பூசத்துக்கு ஆறு வாரம் முன்னால், டிசம்பரிலேயே ஆரம்பியுங்கள். முதல் வாரம் சாயங்காலம் புல்லில் வெறுங்காலோடு ஐந்து நிமிஷம். வாரா வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். மூன்றாம் வாரம் கடற்கரையில் அலை நனைத்த இறுகின மணல். காய்ந்த மெத்து மணல் வேண்டாம், அது நாணை இழுக்கும். ஐந்தாம் வாரம் வெயில் சாய்ந்த பிறகு சிமென்ட் நடைபாதை. ஒன்று விட்டு ஒரு நாள் குதிகால் தூக்கல், ஒற்றைக்காலில் இருபத்தைந்து வலியில்லாமல் வரும் வரை. மறுநாள் காலை எண் 3-ஐத் தாண்டினால் அந்த வாரத்தை இன்னொரு தரம் செய்யுங்கள்.

அன்றைக்கு வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் கையில் பையோடு நடப்பார். அவரிடம் உங்கள் செருப்பைக் கொடுத்து வையுங்கள். காவடி இறக்கின இடத்திலிருந்து கார் நிறுத்தின இடம் வரை நடக்கிற அந்த அரைக் கிலோமீட்டரில்தான் போன வருஷம் என்னிடம் வந்த மூன்று பேருக்குக் கண்ணாடிச் சில்லு குத்தியது.